கேட்காத கேட்

பெரம்பூரில் செல்வபதி செட்டியாருக்குக் கடை இருந்தது. கூப்பிடு தூரத்தில் பக்கிங்காம் மில், கர்னாடிக் மில். இரண்டும் பின்னி கம்பெனியுடையவை. ஊர்வாயில் ‘பி அண்டு சி’. செட்டியாரும் அவருடைய நண்பர் ராமானுஜுலு நாயுடுவும் பக்தி சபை ஒன்றை நடத்திவந்தார்கள். சபைக்கு வந்துபோன மில் தொழிலாளர்கள், பெருமாள் கதை கேட்டதோடு எழுந்து போய்விடாமல், தங்கள் பாட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். சாப்பாட்டுக்கு விடும் நேரம் அரை மணி. அதற்குள் தறியை விட்டு வந்து, கை கழுவி, தூக்கைத் திறந்து, சாப்பிட்டு, மறுபடி உள்ளே போயாக வேண்டும். பிந்தினால் வசவு, சில சமயம் அடி.

நூறு வருஷத்துக்கு முந்தைய இந்தக் காட்சியில் என்னை உறுத்துவது அரை மணி நேரச் சாப்பாடு மட்டும் இல்லை. கம்பெனிக்குச் சொல்ல வேண்டிய சேதியை ஆயிரக்கணக்கான பேர் ஒரு கடைக்காரரிடம் சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான். மில்லுக்குள் அதைக் கேட்க ஆள் இல்லை.

செட்டியாரும் நாயுடுவும் அன்னி பெசன்ட்டின் ‘நியூ இந்தியா’ பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே கிடைத்தவர் பெசன்ட்டின் சகா பி.பி. வாடியா. 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாறு இதைத்தான் சொல்கிறது.

பின்னியைக் கொடுங்கோல் கம்பெனி என்று ஒரே அடியாக எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்தக் காலத்திலேயே தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திய கம்பெனி அது. அதன் காக்கித் துணி பட்டாளம்வரை போனது. கம்பெனி கொடுக்கத் தயாராகத்தான் இருந்தது. எதிரே உட்காரவைத்துப் பேசத்தான் தயாராக இல்லை. சங்கத்தை அங்கீகரிக்கவே மாட்டேன் என்று நின்றது. 1920 அக்டோபரில் தகராறு முற்றிக் கதவடைப்பு வந்தது. டிசம்பர் 9-ம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போய் வாடியா மேல் தடை உத்தரவு வாங்கியது, நஷ்டஈடும் கேட்டது. சங்கத்தோடு உறவை முறித்துக்கொள்கிறேன் என்று வாடியா ஒதுங்கிய பிறகே வழக்கு ஓய்ந்தது.

கம்பெனி ஜெயித்துவிட்டதா? அடுத்த வருஷமே மறுபடி வேலைநிறுத்தம். 1921 மே மாதம் கர்னாடிக்கில் ஆரம்பித்து, ஜூனில் பக்கிங்காமுக்கும் பரவி, அக்டோபர்வரை இழுத்தது. இந்த முறை தொழிலாளர்களே பிளந்தார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்ப, மற்றவர்கள் வெளியே நிற்க, புளியந்தோப்பு பற்றி எரிந்தது. அந்தக் கலவரத்தின் வடு வடசென்னையில் ஒரு தலைமுறைக்கு மேல் இருந்தது. வாடியா வழக்கைப் பார்த்து டெல்லி சட்டசபையில் தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷி எழுப்பிய குரல், 1926-ல் தொழிற்சங்கச் சட்டமாக வந்து நின்றது. பின்னி எதைத் தவிர்க்கப் பார்த்ததோ அதுவே நாடு முழுமைக்கும் சட்டமாகிவிட்டது.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் அந்த மில் எழுபது வருஷத்துக்கு மேல் ஓடியது. தொழிலாளியை மதிக்காத கம்பெனி மறுநாளே மூடிவிடும் என்று கதை சொல்ல எனக்கு ஆசையில்லை. அப்படி நடப்பதில்லை. நடப்பது வேறு. அதைப் பார்க்க இன்னும் கொஞ்சம் வடக்கே போக வேண்டும்.

கடற்கரையோரம் ஒரு கணக்கு

ராயபுரத்தில் ஏறினால் எண்ணூர்வரை ஊரே ஒரு தொழிற்சாலைப் பட்டியல்தான். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ஸ்டேஷன் ராயபுரம். தீப்பெட்டிக் கம்பெனி பெயரிலேயே ஒரு ஸ்டேஷன், விம்கோ நகர். 2021 பிப்ரவரியில் மெட்ரோவும் அங்கே போய் நின்றது. 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்தார், அது எம்.ஆர்.எஃப். ஆயிற்று. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் கார் பூட்டி, பிறகு லேலண்டோடு சேர்ந்து லாரிக் கம்பெனியானது. 1955-ல் என்ஃபீல்டு. மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும். எண்ணூரில் அனல்மின் நிலையம், துறைமுகம்.

இந்தப் பக்கத்து வீடுகளில் பேசும் பாஷையே தனி. “எங்க அப்பா பர்மனென்ட்” என்றால் அதில் ஒரு வீடு, ஒரு கல்யாணம், ஒரு டிகிரி எல்லாம் அடங்கிவிடும். “பன்னிரண்டு மூணு போட்டாச்சா, பதினெட்டு ஒண்ணு தானா?” என்று டீக்கடையில் கேட்பார்கள். 2025 நவம்பர்வரை இருந்த தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவில், அரசு அதிகாரி முன்னிலையில் போட்ட ஒப்பந்தம் எல்லாத் தொழிலாளரையும் கட்டியது. 18(1) என்றால் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும். சட்டக் கல்லூரியில் படிக்க வேண்டியதை இங்கே பன் பட்டர் ஜாம் சாப்பிடும்போதே தெரிந்துகொள்ளலாம்.

கல்லூரி முடித்த வருஷம், திருவொற்றியூர் பக்கம் ஒரு பட்டறையில் எட்டு மாதம் நான் கணக்கு எழுதினேன். பெயர் வேண்டாம். பெரிய கம்பெனி ஒன்றுக்குத் துளை போட்ட இரும்புப் பட்டைகளை அனுப்புவது தொழில். டிரில்லிங் மெஷினில், துளை விழும் இடத்தைக் காட்டும் ஜிக் தேய்ந்துபோயிருந்தது. மெஷினில் நின்ற பையனுக்கு அது தெரியும். பக்கத்து மெஷின்காரனுக்குத் தெரியும். டீ வாங்கிவரும் பையனுக்கும் தெரியும். முதலாளிக்கு மட்டும் தெரியாது. முந்தின மாதம் டிரில் பிட் உடைந்ததைப் போய்ச் சொன்னவனுக்கு, அந்தப் பிட்டின் விலையைச் சம்பளத்தில் பிடித்திருந்தார்கள். அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்? ஒரு லோடு முழுக்க ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தது. அதற்கான டெபிட் நோட்டை லெட்ஜரில் ஏற்றியது நான்தான். பிட்டுக்குப் பிடித்த தொகையும் லோடில் போன தொகையும் ஒன்றிரண்டு பக்கம் தள்ளித் தள்ளி இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க முதலாளிக்குத் தோன்றவில்லை. ரிஜெக்டுக்கும் அந்தப் பையனைத்தான் திட்டினார்.

தொழிலாளியை எப்படி நடத்துகிறோம் என்பதற்கும் லாபத்துக்கும் உள்ள தொடர்பை நான் கற்றுக்கொண்டது அந்த லெட்ஜரில். சம்பளம், போனஸ், கேன்டீன் எல்லாம் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பட்டறையின் உண்மையான நிலவரம் அந்த மெஷினில் நிற்பவனுக்குத்தான் முதலில் தெரியும். எந்த பேரிங் முனகுகிறது, எந்தப் பைப்பில் வாடை வருகிறது, எந்தச் சாரத்தில் கட்டு தளர்ந்திருக்கிறது என்பதெல்லாம் மேலே வந்து சேர்வதும் சேராததும், போன தடவை சொன்னவனுக்கு என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது.

அதே ஆட்கள், அதே சங்கம்

அமெரிக்காவில் இதற்கு ஒரு பேர்பெற்ற உதாரணம் இருக்கிறது. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலை. எந்த நாளைப் பார்த்தாலும் நூற்றுக்கு இருபது பேர் வேலைக்கு வர மாட்டார்கள். தரம் மோசம், சண்டை ஓயாது. 1982-ல் மூடிவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து டொயோட்டா கூட்டுச் சேர்ந்து அதே இடத்தைத் திறந்தது. ஆட்களில் பெரும்பாலோர் பழையவர்களே. சங்கமும் பழைய சங்கமே. டொயோட்டா கொண்டுவந்தவற்றில் முக்கியமானது ஒரு கயிறு. ஏதாவது சரியில்லை என்று பட்டால், கடைநிலைத் தொழிலாளிகூட அதை இழுத்து லைனையே நிறுத்தலாம். பழைய நிர்வாகத்தில் லைனை நிறுத்துவது பெருங்குற்றம். பழுதான கார்கள் அப்படியே போய் வெளியே அடுக்கப்படும். புது ஏற்பாட்டில் வராதவர் கணக்கு நூற்றுக்கு இரண்டு மூன்றாக இறங்கியது. அங்கே செய்த கார்கள் ஜப்பானில் செய்தவற்றுக்கு ஈடாக நின்றன.

கயிற்றில் மாயம் ஒன்றும் இல்லை. இழுத்தவனை யாரும் முறைக்கவில்லை, அவ்வளவுதான். நம் ஊரிலும் இதைச் செய்து காட்டியவர்கள் உண்டு. பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவில் முதல் கம்பெனி அதுதான். அந்தப் பரிசுக்குப் போகும் பாதையில், லைனில் நிற்பவர் சொல்லும் யோசனையைக் காகிதத்தில் வாங்கி, பதில் சொல்லி, செய்து காட்டுவது அடிப்படைப் பாடம். பெட்டியில் போட வைத்துப் பூட்டிவிடுவது அல்ல. (ஆலோசனைப் பெட்டி என்று பல கம்பெனிகளில் தொங்குமே, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.)

இப்போது நம் கடற்கரைக்குத் திரும்பலாம். 1981-ல் தமிழ்நாடு ஒரு சட்டம் போட்டது. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளி. நல்ல சட்டம். அதற்கு வந்த எதிர்வினைதான் விநோதம். 480 நாள் ஆகும் முன்பே ஆளை நிறுத்திவிட்டு இன்னொரு ஆளை எடுக்கும் பழக்கம் பல இடங்களில் ஊறிப்போனது. பெயர்கள் மாறும்: டிரெய்னி, அப்ரண்டிஸ், கேஷுவல், கான்ட்ராக்ட். வேலை அதேதான். கையில் வேலை படிந்து, மெஷினின் குணம் புரிந்து, “இந்தச் சத்தம் சரியில்லை சார்” என்று சொல்லும் பக்குவம் வருகிற நேரத்தில் அந்தப் பையன் கேட்டுக்கு வெளியே நிற்பான். அடுத்தவன் ‘அ’விலிருந்து ஆரம்பிப்பான். நிரந்தரம் செய்தால் ஆகும் செலவைக் கம்பெனி துல்லியமாகக் கணக்குப் போடுகிறது. ஒவ்வொரு 480 நாளிலும் வெளியே நடந்துபோகும் கைத்திறனுக்கு எந்தக் கணக்கிலும் தலைப்பே கிடையாது.

ஹென்றி ஃபோர்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர். 1913-ல் அவருடைய தொழிற்சாலையில் சுமார் 14,000 பேரை வைத்துக்கொள்ள, அந்த வருஷம் 52,000 பேரை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் நிற்கவில்லை. 1914 ஜனவரியில் நாள் சம்பளத்தை ஐந்து டாலராக, ஏறக்குறைய இரட்டிப்பாக அறிவித்தார். ஆள் ஓடுவது வெகுவாகக் குறைந்தது, லாபமும் ஏறியது. ஃபோர்டு தர்மப் பிரபு இல்லை. சங்கத்தை அடித்து விரட்டியவர். தொழிலாளியின் வீட்டுக்குள் ஆள் விட்டு ஒழுக்கம் பார்த்தவர். அந்த மனிதருக்கே இந்தக் கணக்கு புரிந்தது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

கைத்திறன் என்றால் என்ன என்பதற்கு உதாரணம் திருவொற்றியூரிலேயே இருக்கிறது. என்ஃபீல்டு புல்லட் டாங்கில் ஓடும் அந்தத் தங்கக் கோட்டைப் பல வருஷமாக இங்கே கையால்தான் இழுத்தார்கள். ஸ்கேல் இல்லை, ஸ்டென்சில் இல்லை. ஒரு தூரிகை, ஒரு மூச்சு. உலகம் பூராவும் இருக்கும் புல்லட் ரசிகர்கள் அந்தக் கோட்டைப் பார்த்து உருகினார்கள். கம்பெனியும் அந்தக் கைகளைப் பெருமையாகக் காட்டியது. அப்படி ஒரு கை 480 நாளில் உருவாகுமா?

எதிர்க்கேள்வி ஒன்று உண்டு. தொழிலாளர் உறவில் பேர் கெட்டும் கொழிக்கும் கம்பெனிகள் இல்லையா? இருக்கின்றன. திருவொற்றியூர்க் கொட்டகையில் பிறந்த எம்.ஆர்.எஃப்.பையே எடுத்துக்கொள்வோம். அதன் அரக்கோணம் ஆலையில் சங்க அங்கீகாரத் தகராறு, ஜெனிவாவில் உள்ள உலகத் தொழிலாளர் அமைப்புவரை புகாராகப் போனது. அதே கம்பெனியின் ஒரு பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியாவில் அந்த உயரத்தைத் தொட்ட முதல் பங்கு. ஆகவே, நன்றாக நடத்தினால் லாபம், இல்லாவிட்டால் நஷ்டம் என்று நேர்கோடு போட முடியாது. பிராண்ட், சந்தை, முதலீடு என்று லாபத்துக்கு வேறு பல கால்கள் இருக்கின்றன. ஒரு கால் நொண்டினாலும் ஓடிவிடலாம். எவ்வளவு நாள், எவ்வளவு வேகத்தில் என்பது வேறு விஷயம்.

ஜீரோ கேட்

யாருக்குமே தொழிலாளி இல்லாத தொழிலாளி ஒருவர் இந்தப் பகுதியில் இருக்கிறார். டிரெய்லர் டிரைவர்.

சென்னைத் துறைமுகத்தில் 1983-லேயே கன்டெய்னர் முனையம் வந்துவிட்டது, இந்தியாவிலேயே முதல். 2001-ல் அதைத் தனியாரிடம் கொடுத்தார்கள். கப்பலிலிருந்து பெட்டியை இறக்கும் கிரேனின் வேகத்தை மணிக்கு இத்தனை என்று அளந்து பெருமைப்பட்டார்கள். அந்தப் பெட்டி காசிமேட்டை ஒட்டிய ஜீரோ கேட்டைத் தாண்டுவதற்கு டிரெய்லர்கள் எண்ணூர் நெடுஞ்சாலையில், திருவொற்றியூரையும் தாண்டி, மணலிவரை மைல் கணக்கில் வரிசையில் நின்றன. ஒரு நாள் ஆகும். இரண்டு நாளும் ஆகும். எண்ணூர்-மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் தொண்ணூறுகளில் பேச ஆரம்பித்து வருஷக் கணக்கில் இழுத்தது.

அந்த வரிசையில் நிற்பவருக்குச் சம்பளம் பெரும்பாலும் நடைக்கு இவ்வளவு. நின்ற நேரத்துக்குக் காசு இல்லை. வண்டியை விட்டு நகர முடியாது. டீசல் போகும், பேட்டரி போகும். கழிப்பறை இல்லை, குளிக்க இடம் இல்லை. சாப்பாடு, சைக்கிளில் பொட்டலம் கொண்டுவருபவர் வந்தால். பழைய பின்னித் தொழிலாளிக்கு அரை மணியாவது நிச்சயமாக இருந்தது. பொறுக்க முடியாமல் டிரைவர்கள் அவ்வப்போது வண்டியை நிறுத்திப் போராடினார்கள். ஒவ்வொரு முறையும் பெட்டிகள் தேங்கின. ஏற்றுமதிக்காரர்கள் தலையில் கைவைத்தார்கள். அதற்குள் வடக்கே காட்டுப்பள்ளியில் புதுத் துறைமுகம் வந்தது. சரக்கு அந்தப் பக்கம் நகர ஆரம்பித்தது. இடம், சாலை, ஆழம் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் கேட்டின் நெரிசல் அவற்றில் முக்கியமானது என்பதைத் துறைமுகத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள். நெரிசல் எங்கே, ஏன் என்பது முதல் நாளே தெரிந்தவர் அந்த டிரைவர். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? அவர் துறைமுகத்தின் ஆள் இல்லை, முனையத்தின் ஆள் இல்லை, பெட்டிக்காரரின் ஆளும் இல்லை.

கேட்காமல் செய்வது அரசுக்கும் வழக்கம்தான். 2023 ஏப்ரல் 21-ல், 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்று நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் இதே சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு வருஷம். முன்கூட்டியே பேசியிருந்தால் பத்து நாள் அவமானம் மிச்சம்.

ஆனால் அவமானத்தோடு போகாத இடங்களும் உண்டு. 2025 செப்டம்பர் 30. எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் திட்டத்தில், உயரத்தில் எழுப்பிக்கொண்டிருந்த இரும்புக் கட்டமைப்பு சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். வடகிழக்கிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். திட்டம் மின்வாரியத்துடையது, கட்டுவது பி.எச்.இ.எல்., ஆட்கள் ஒப்பந்தக்காரருடையவர்கள். அன்று என்ன பிசகியது என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. அது விசாரணையின் வேலை. என் கேள்வி அதற்கு முந்தையது. அஸ்ஸாமிலிருந்து வந்த ஒருவர், சாரத்தில் ஏறியதும் காலுக்குக் கீழே ஏதோ ஆடுகிறது என்று உணர்ந்தால், யாரிடம், எந்தப் பாஷையில் சொல்வார்? மேஸ்திரியிடம் சொன்னால் அது எத்தனை கம்பெனிகளைத் தாண்டி, முடிவெடுக்கும் நாற்காலிக்குப் போய்ச் சேரும்? சொன்னதற்காக நாளை கூலி போகாது என்று அவருக்கு யார் உறுதி கொடுத்திருக்கிறார்கள்?

சொல்லும் உரிமையையாவது சட்டம் கொடுத்திருக்கிறது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-ல், அப்போதைய தொழிற்சாலைச் சட்டத்தில் 41-எச் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்தான தொழிற்சாலையில், உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று பட்டால், தொழிலாளி அதை நிர்வாகத்துக்குச் சொல்லலாம் என்றது அது. கூடவே ஆய்வாளருக்கும் சொல்லலாம். ஆபத்து உண்மை என்று பட்டால் நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுத்தாக வேண்டியிருந்தது. 2020-ல் நிறைவேறி, 2025 நவம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக அமலுக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும், தன் 14-வது பிரிவில், இந்த உரிமையை மற்றப் பணியிடங்களுக்கும் விரித்துச் சொல்கிறது. டொயோட்டாவின் கயிறு நம்மிடமும் இருக்கிறது. சட்டப் புத்தகத்துக்குள் சுருட்டி வைத்திருக்கிறோம்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை உள்ள முதலாளிகளிடமும், மேனேஜர்களிடமும், ஒப்பந்தக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்த 14-வது பிரிவைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் அஸ்ஸாமியிலும் அச்சடித்து கேட்டில் ஒட்டுங்கள். அடியில், கூப்பிட்டால் எடுக்கும் ஒருவருடைய போன் நம்பரை எழுதுங்கள். முதலில் கூப்பிடுபவர் ஒன்றுமில்லாததற்குக் கூப்பிடலாம். அவரைத் திட்டாதீர்கள், மற்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.